முகவரி மாறாமல் குடிபெயர்தல்

"கிளவுடுக்குப் போனால் ஐ.பி. முகவரி மாறத்தான் செய்யும். மாறட்டுமே, எல்லாவற்றையும் டி.என்.எஸ். பார்த்துக்கொள்ளும்!"

போன வாரம் ஒரு கூட்டத்தில் ஆலோசகர் ஒருவர் இப்படிச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். எனக்கு அந்த இடத்தைவிட்டு நகர மனம் வரவில்லை. நெட்வொர்க் வேலையிலேயே வயதில் பாதியைக் கழித்தவன் என்ற முறையில், அந்த ஒரு வாக்கியத்தை நம்பிக் காரியத்தில் இறங்கிய ஸ்தாபனங்கள் பட்ட சிரமங்களை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆகையால், அன்று சபையில் சொல்ல அவகாசம் கிடைக்காத என் அபிப்பிராயத்தை இங்கே சற்று விஸ்தாரமாகவே எழுதிவிடுகிறேன். (இந்தத் தொழிலில் இல்லாதவர்களும் தைரியமாகப் படிக்கலாம். சொல்லப்போகிற சங்கதி அவ்வளவு கடினமானதல்ல.)

டி.என்.எஸ். நல்ல ஏற்பாடு, அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. மனிதர்கள் எண்களை மனப்பாடம் செய்துகொண்டு திரியாமல், பெயரைச் சொல்லி இயந்திரங்களை அடைய வேண்டும் என்பதற்காகவே 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் அதை வகுத்துக் கொடுத்தார். எல்லாரும் எல்லா இடத்திலும் பெயரையே உபயோகித்திருந்தால் ஆலோசகர் சொன்னது வாஸ்தவமாகவே இருந்திருக்கும்.

ஆனால் ஒரு கம்பெனி பதினைந்து இருபது வருஷங்கள் ஒரே டேட்டா சென்டரிலிருந்து தொழில் நடத்தியிருக்குமானால், அதன் முகவரிகள் எங்கெங்கே போய் உட்கார்ந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வாசலில் விரல் வைத்து வருகையைப் பதியும் கருவியில் பெயர் எழுத இடமே இருக்காது. எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். கிடங்கில் லேபிள் அச்சிடும் பிரிண்டரிலும் அப்படியே. ஆலையில் இயந்திரங்களை ஓட்டும் பி.எல்.சி.யை நிறுவியவர் எப்போதோ வேறு ஊருக்குப் போய்விட்டார். அவர் அன்று எழுதிவைத்த எண் இன்றும் அதற்குள் இருக்கிறது. சர்வர்களின் ஹோஸ்ட்ஸ் ஃபைல்களிலும், ஜாவா புரோகிராம்களின் அமைப்புக் கோப்புகளிலும், டேட்டாபேஸ் இணைப்பை உள்ளே வைத்துக்கொண்டிருக்கும் கணக்குப் பிரிவின் எக்செல் ஷீட்டுகளிலும், லைசென்ஸ் சர்வரைத் தேடிப் போகும் மென்பொருள்களிலும், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எண் இருக்கிறது. அப்படி எழுதியவர்கள் அறியாமையால் எழுதினார்கள் என்று சொல்லவும் மாட்டேன், அன்று அவர்களுக்கு அதுவே சீக்கிரமான, நம்பத்தக்க வழியாக இருந்தது.

இவையாவது நம் வீட்டுக்குள் இருப்பவை, தேடினால் அகப்படும். மற்றவர்கள் வீட்டில் இருப்பவற்றை என்ன செய்வது? நம்மோடு வியாபாரம் செய்யும் பாங்குகளும், காப்பீட்டுக் கம்பெனிகளும், சுங்க ஏஜெண்டுகளும் தத்தம் ஃபயர்வாலில் நம் முகவரியை எழுதி, அதிலிருந்து வந்தால் மட்டுமே அனுமதி என்று விதித்திருக்கிறார்கள். அந்த எண்ணை மாற்ற வேண்டுமானால் ஒவ்வொருவரிடமும் ஒரு கோரிக்கை, அதன்மேல் ஒரு ஒப்புதல், அப்புறம் மாற்றங்களுக்கென்று அவர்கள் ஒதுக்கியிருக்கும் ஓர் இரவு என்று கிரமமாகப் போகவேண்டியிருக்கும். இந்த இரவுகளெல்லாம் ஒரே இரவாக அமைவது எங்கும் நடப்பதில்லை. முகவரியை மாற்றாமல் வைத்துக்கொள்வது சோம்பேறித்தனம் என்று பேசுகிறவர்களுக்கு என் பதில் இதுதான்: நம் முகவரியை நம்பி எழுதிவைத்துக்கொண்ட அந்நியர்களுக்கு நாம் செலுத்தும் மரியாதை அது.

இந்தக் கஷ்டம் நேற்று வந்ததுமல்ல. இண்டர்நெட்டின் விதிமுறைகளை வகுக்கும் ஆர்.எஃப்.சி. வரிசையில், 1996 பிப்ரவரியில், பிரையன் கார்ப்பெண்டரும் யாக்கோவ் ரெக்டரும் 1900 என்ற எண்ணில் ஓர் ஆவணம் எழுதினார்கள். முகவரிகளை மாற்றி அமைக்கும் காரியத்தில் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது என்பதே அதன் தலைப்பும் சாரமும். பதினான்கு வருஷம் கழித்து, 2010 மே மாதத்தில், அதே கார்ப்பெண்டர் வேறு இருவரோடு சேர்ந்து 5887 என்ற எண்ணில் இன்னோர் ஆவணம் வெளியிட்டார். தலைப்பு அதேதான், "இன்னும்" என்ற ஒரு சொல்லைத் தவிர. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துவிட்டு எவரும் "டி.என்.எஸ். பார்த்துக்கொள்ளும்" என்று வாய்திறந்து சொல்ல மாட்டார்.

மூலகாரணம் என்னவென்றால், ஐ.பி. முகவரி ஆதியிலிருந்தே இரண்டு வேலைகளைச் செய்துவருகிறது: இயந்திரம் எங்கே இருக்கிறது என்பதையும் அதுவே சொல்கிறது, அது இன்னார் என்பதையும் அதுவே சொல்கிறது. வீட்டுக் கதவிலக்கத்தையே மனிதனுக்குப் பெயராகச் சூட்டி, ஊரெல்லாம் அந்தப் பெயரால் அழைத்துப் பழகிய பிறகு, அவனை வீடு மாறச் சொல்வதைப் போன்றது நம் நிலைமை. இவ்விரண்டையும் பிரிக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு லிஸ்ப் என்ற முறை வகுக்கப்பட்டு 2013-இல் ஆர்.எஃப்.சி. 6830-ஆகப் பிரசுரமாயிற்று, தத்துவம் அழகானது, ஆனால் சாதாரண அலுவலகங்களில் அதை நடைமுறையில் நான் அதிகம் கண்டதில்லை.

இருக்கட்டும். காரியத்துக்கு வருகிறேன்.

முகவரிகளில் இரண்டு ஜாதி. வெளியுலகம் அறிந்த பொது முகவரி ஒன்று. வீட்டுக்குள் மட்டும் புழங்கும் தனி முகவரி மற்றொன்று. கூட்டங்களில் இரண்டையும் ஒரே மூச்சில் பேசிக் குழப்பிவிடுகிறார்கள். இரண்டுக்கும் வழி வேறு, தடை வேறு.

பொது முகவரியை முதலில் எடுத்துக்கொள்வோம். ஐ.பி. நான்காம் பதிப்பில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான். உலகத்தின் பொதுக் களஞ்சியம் 2011 பிப்ரவரி 3-ஆம் தேதி தன் கடைசி ஐந்து பெரும் தொகுதிகளையும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டது. ஆசிய பசிபிக் பிராந்தியத்தின் முகவரிப் பதிவகமான ஏபினிக் அதே வருஷம் ஏப்ரல் 15-இல் தன் கடைசித் தொகுதியைத் தொட்டது. இன்று அங்கே புதிதாகச் சேருகிறவருக்கு அதிகபட்சம் 512 முகவரிகள். திவாலான நார்டெல் கம்பெனியின் சொத்துக்கள் 2011-இல் விலை போனபோது, அவற்றில் 6,66,624 முகவரிகளை மைக்ரோசாஃப்ட் 75 லட்சம் டாலருக்கு வாங்கியது. 2024 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து அமேசான் கிளவுடில் ஒவ்வொரு பொது முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர், அதாவது வருஷத்துக்கு ஏறக்குறைய 44 டாலர் வாடகை. நாமே கொண்டுவரும் முகவரிக்கு அந்த வாடகை கிடையாது. ஆக, பழைய காலத்தில் முன்யோசனையோடு தன் பெயரில் ஒரு தொகுதியை வாங்கிவைத்த ஸ்தாபனம் அதைக் கைவிட்டுவிட்டுக் கிளவுடு கொடுக்கும் எண்ணை ஏற்றுக்கொள்வதில் எனக்கு நியாயமே தென்படவில்லை.

கொண்டுபோக வழியும் இருக்கிறது. அமேசான் 2018-இலிருந்து அனுமதிக்கிறது. மைக்ரோசாஃப்டும் கூகிளும் இதே மாதிரியான ஏற்பாட்டைக் கொடுக்கின்றன. நிபந்தனைகள் சில உண்டு. தொகுதி குறைந்தது /24, அதாவது 256 முகவரிகள் கொண்டதாக இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய துண்டை இண்டர்நெட்டின் பெரிய ரவுட்டர்கள் பொதுவாக ஏற்பதில்லை என்பதே காரணம். தொகுதி நம் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். "இந்தத் தொகுதிக்குத் தன்னிடம் வழியிருப்பதாக அமேசான் அறிவிக்கலாம்" என்று ஆர்.ஓ.ஏ. என்னும் கையொப்பமிட்ட சாசனம் ஒன்றைப் பதிவகத்தில் நாமே உண்டாக்க வேண்டும்; அவர்களுடைய நெட்வொர்க்குகளைக் குறிக்கும் 16509, 14618 என்ற இரு ஏ.எஸ். எண்களும் அதில் வர வேண்டும். அதற்கு மேல், நாமே தயாரித்த ஒரு சர்டிஃபிகேட்டைப் பதிவகக் குறிப்பில் ஒட்டிவைத்து, அதற்குரிய ரகசியச் சாவியால் கையொப்பமிட்டு, நாம்தான் சொந்தக்காரர் என்று நிரூபிக்க வேண்டும்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2008 பிப்ரவரி 24-ஆம் தேதியை ஞாபகப்படுத்துவேன். அன்று பாகிஸ்தான் டெலிகாம், தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுக்கும் பொருட்டு யூடியூபின் தொகுதிக்குள் அடங்கிய ஒரு /24 துண்டுக்குத் தன்னிடம் வழியிருப்பதாக அறிவிக்க, அந்த அறிவிப்பு எல்லை தாண்டிக் கசிந்து, உலகத்தின் யூடியூப் போக்குவரத்து சுமார் இரண்டு மணி நேரம் அங்கே போய் மடிந்தது. சொன்னவர் சொந்தக்காரரா என்று கேட்க அன்று வலுவான ஏற்பாடு எதுவும் பழக்கத்தில் இல்லை. இன்று கேட்கிறார்கள், கேட்கட்டும்.

(தொகுதியின் பூர்வோத்தரத்தையும் பார்ப்பார்கள். முன்னொரு காலத்தில் குப்பை மெயில் அனுப்பிக் கெட்ட பெயர் வாங்கிய முகவரிகளானால் நிராகரிக்கக்கூடும். ஆகவே வெளியில் தொகுதி வாங்க எண்ணுகிறவர்கள், விலை பேசும் முன்பே தடைப் பட்டியல்களில் தேடிவிடுவது நல்லது.)

எனக்கு இந்தத் தொழிலில் கிடைத்த சந்தோஷங்களில் பிரதானமானது ஒரு தொகுதி இப்படி மாறியதைப் பார்த்ததுதான். சாசனமும் சரிபார்ப்பும் முன்கூட்டியே முடிந்திருந்தன. நடு இரவில் பழைய ரவுட்டரில் பி.ஜி.பி. என்ற முறையில் செய்துவந்த வழி அறிவிப்பை நிறுத்தி, கிளவுடில் அறிவிப்பைத் தொடங்கச் சொன்னோம். உலகத்தின் பல மூலைகளிலிருந்து வழிகளைக் காட்டும் பொதுத் தளமொன்றை எல்லாரும் பேச்சில்லாமல் பார்த்துக்கொண்டிருக்க, பழைய வழி ஒவ்வோர் ஊராக மறைந்து, புதிய வழி ஒவ்வோர் ஊராக முளைத்தது. சில நிமிஷங்களில் காரியம் முடிந்தது. மறுநாள் காலையில் எந்தப் பாங்கிலிருந்தும் ஒரு டெலிஃபோன் வரவில்லை. வராத அந்த டெலிஃபோனுக்காக எத்தனை மாதமானாலும் உழைக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். /24 தொகுதி போனால் முழுவதும் போகும். பாதி சர்வர் இங்கே, பாதி அங்கே என்ற பேச்சுக்கு இடமில்லை. அதனால்தான் ஒரே ஒரு /24 வைத்திருப்பவர்கள் திட்டத்தின் முதல் நாளிலேயே அதை யோசிக்க வேண்டும் என்று தலைப்பாடாக அடித்துக்கொள்கிறேன்.

இன்னொரு கசப்பான உண்மை: பெரும்பாலோரிடம் சொந்தத் தொகுதியே இருப்பதில்லை. இண்டர்நெட் இணைப்புக் கொடுத்தவர் கூடவே கொடுத்த எட்டோ பதினாறோ முகவரிகளைத்தான் "எங்கள் முகவரி" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவை இணைப்புக்காரருக்குச் சொந்தம், எடுத்துப்போக முடியாது. அவர்களுக்கு நான் சொல்லும் யுக்தி எளியது: பழைய இடத்தில் இணைப்பை உடனே ரத்து செய்யாமல், பழைய முகவரியோடு ஒரு சிறு பிராக்ஸியை நிறுத்தி, வருவதையெல்லாம் அது கிளவுடுக்கு அனுப்பும்படியும், கிளவுடிலிருந்து அந்தப் பாங்குகளுக்குப் போகும் போக்குவரத்து அதே முகவரியோடு வெளியேறும்படியும் வைத்து, வெளியார் ஒவ்வொருவரையும் அவரவர் சௌகரியப்படி மாற்றச் சொல்ல வேண்டும். இதில் இரண்டாவது பாதியை, அதாவது நாம் வெளியே போகும் முகவரியை, அநேகர் மறந்துவிடுகிறார்கள்.

இனி வீட்டுக்குள் புழங்கும் தனி முகவரிகள்.

1996-இல் ஆர்.எஃப்.சி. 1918 ஒதுக்கிக் கொடுத்த 10, 172.16, 192.168 என்று தொடங்கும் அந்தத் தொகுதிகளை யாரும் யாரையும் கேட்காமல் உபயோகிக்கலாம். ஆகையால் கிளவுடிலும் நம் பழைய 10.20.30.0/24-ஐ அப்படியே உண்டாக்கி, ஒவ்வொரு சர்வருக்கும் அதன் பழைய எண்ணையே கொடுப்பதற்கு எந்தத் தடையும் கிடையாது. ஒரு சப்நெட்டில், அதாவது இப்படிப்பட்ட ஓர் உள்தொகுதியில், இருப்பதையெல்லாம் ஒரே இரவில் எடுத்துப்போக முடியுமானால், அன்றைய வேலை அந்தத் தொகுதிக்குரிய வழியைக் கிளவுடு பக்கம் திருப்புவது மட்டுமே. இதைவிடச் சுத்தமான முறையை நான் அறியேன். முடிந்தவரை சப்நெட் சப்நெட்டாகவே குடிபெயருங்கள்.

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அமேசானும் மைக்ரோசாஃப்டும் ஒவ்வொரு சப்நெட்டிலும் ஐந்து முகவரிகளைத் தமக்கென்று வைத்துக்கொள்கின்றன: முதல் நான்கும் கடைசி ஒன்றும். .0-வும் .255-உம் எப்படியும் நமக்கு உதவாது; .1 வழக்கமாக ரவுட்டர்தான். .2-உம் .3-உம்? ரவுட்டர் ஜோடியாக இருந்த இடங்களில் அவை அந்த இரு ரவுட்டர்களின் சொந்த எண்களாக இருக்கும். ரவுட்டர்கள் வரப்போவதில்லை என்பதால் கவலையில்லை. ஆனால் சிறிய அலுவலகங்களில், முதன்முதலாக வாங்கிய சர்வருக்கு .2 என்று எண் கொடுத்து, அதுவே பிற்காலத்தில் டி.என்.எஸ். சர்வராகவும் டொமைன் கண்ட்ரோலராகவும் வளர்ந்து, இருக்கும் இயந்திரங்களில் எல்லாம் அதன் எண் எழுதப்பட்டிருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமான அந்த ஒரு சர்வருக்கு மட்டும் பழைய எண் கிடைக்காது! இதைப் புறப்படும் தினத்தன்று கண்டுபிடிப்பதைவிட இன்றே போய்ப் பாருங்கள்.

உண்மையான சோதனை, ஒரு சப்நெட்டில் பாதி போய் பாதி நிற்கும்போது வருகிறது.

ஒரே சப்நெட்டில் இருப்பதாக எண்ணும் இரண்டு இயந்திரங்கள் ரவுட்டரைத் தேடிப் போவதில்லை, "இந்த எண் யாருடையது?" என்று தம் வலைக்குள் எல்லாருக்கும் கேட்கும்படி கேட்கின்றன. 1982-இல் டேவிட் பிளம்மர் வகுத்த ஏ.ஆர்.பி. இதுதான். அந்தக் கேள்வி ரவுட்டரைத் தாண்டாது. கிளவுடின் வலைகளோ இத்தகைய பொதுக் கேள்விகளைச் சுமப்பதே இல்லை. ஆகவே, பழைய டேட்டா சென்டர் சென்னையிலும் கிளவுடு மும்பையிலும் இருப்பதாக வைத்துக்கொண்டால், மும்பைக்குப் போன சர்வரைச் சென்னையில் நிற்கும் சர்வர் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும், பதில் வராது.

இதற்கு நாங்கள் முதலில் பரீட்சித்தது பிராக்ஸி ஏ.ஆர்.பி. என்ற 1987-ஆம் வருஷத்து யுக்தி. கிளவுடில் 10.20.30.128/25 என்று மேல் பாதியை மட்டும் உண்டாக்க வேண்டும். சென்னையில் நிற்பவை தம்மை /24 என்றே எண்ணிக்கொண்டிருக்கட்டும். மேல் பாதியைப் பற்றி அவை கேட்கும்போது உள்ளூர் ரவுட்டர் "அது நான்தான்" என்று பதில் சொல்லி, வந்ததை வாங்கி மும்பைக்கு அனுப்பும். மும்பையில் இருப்பவையோ தம்மை /25 என்று அறிந்திருப்பதால், கீழ்ப் பாதிக்குப் போக வேண்டியதை நேராக ரவுட்டரிடமே கொடுத்துவிடும். விசேஷ லைசென்ஸ் எதுவும் தேவைப்படாத இந்த முறை வேலை செய்வதைக் கண்டபோது எனக்கு உண்டான உற்சாகத்துக்கு அளவில்லை. (பாதுகாப்புத் தணிக்கைக்காரர்கள் ரவுட்டர்களில் பிராக்ஸி ஏ.ஆர்.பி.யை அணைத்துவைக்கச் சொல்வார்கள். அவர்களிடம் முன்கூட்டியே பேசி, முடிவு தேதியோடு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.)

ஆனால் போகிற சர்வர்களெல்லாம் .128-க்கு மேலேயே அமைந்திருக்க வேண்டுமே! .14-உம் .77-உம் .203-உமாகச் சிதறிக் கிடந்தால் என்ன செய்வது? அமேசானில் /28 வரை சிறு சிறு துண்டுகளாக வெட்டலாம். பதினாறு எண்களில் ஐந்து அவர்களுக்கு, பதினொன்று நமக்கு. அதற்கும் அப்பால் போனால் யுக்தி தளர்ந்துவிடுகிறது.

அப்போதுதான் சப்நெட்டையே நீட்டும் சுரங்கங்களை நாட வேண்டும். இரு பக்கமும் வி.எம்.வேர் இருந்தால் எச்.சி.எக்ஸ். என்ற சாதனம், ஓடிக்கொண்டிருக்கும் சர்வரைக்கூட அதன் எண்ணோடு அப்படியே நகர்த்திவிடுகிறது. மைக்ரோசாஃப்டின் அஷ்யூரில், இரு பக்கமும் ஒவ்வொரு விண்டோஸ் சர்வரை நிறுத்தி வி.எக்ஸ்.லான் சுரங்கம் போடும் ஏற்பாடு உண்டு. அது 250 எண்கள் வரை தாங்கும்.

நான் இவற்றை விரும்புகிறேன்; ஆனால் நிரந்தரமாக வைத்துக்கொள்வதை எதிர்க்கிறேன். சுரங்கம் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் மேலுறை போடுகிறது, வி.எக்ஸ்.லானில் அது 50 பைட். வழியில் 1500 பைட்டுக்கு மேல் இடமில்லாவிட்டால், பிங் போகும், லாகின் ஆகும், பெரிய ஃபைலை அனுப்பினால் மட்டும் நின்றுவிடும். இதைவிடப் பெரிய சங்கடம் நுழைவாயில். சப்நெட் நீண்டிருக்கும் வரையில் அதன் கேட்வே சென்னையிலேயே இருக்கிறது. மும்பையில் அருகருகே இருக்கும் இரு சர்வர்கள் வெவ்வேறு சப்நெட்டைச் சேர்ந்தவையானால், ஒன்று மற்றதோடு பேச ஒவ்வொரு வார்த்தையும் சென்னைக்குப் போய்த் திரும்ப வேண்டும். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். இரு ஊருக்கும் ஆகாய மார்க்கத்தில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். கேள்வி ஒரு முறையும் பதில் ஒரு முறையுமாகச் சென்னையைச் சுற்றி வர, நேர்க்கோட்டில் கேபிள் போட்டிருந்தாலும் 20 மில்லி செகண்டு ஆகும். டேட்டாபேஸை நூறு தடவை கேட்டு ஒரு பக்கத்தைத் தயாரிக்கும் பழைய புரோகிராமுக்கு அது 2 முழு விநாடி. "கிளவுடுக்கு வந்ததும் மெதுவாகிவிட்டது" என்று உபயோகிப்பவர்கள் சொல்லும்போது, வேகமான சர்வர் வாங்கிப் பிரயோஜனமில்லை. எச்.சி.எக்ஸில் எம்.ஓ.என். என்ற வசதியைப் போட்டால் இந்த வீண் பிரயாணத்தைத் தவிர்க்கலாம். எந்த வழியாகப் போய் எந்த வழியாகத் திரும்புகிறது என்பதை ஃபயர்வால்காரரோடு உட்கார்ந்து வரைந்து பார்த்த பிறகு போடுங்கள்.

இவ்வளவுக்கும் நடுவே பெயர் வைக்கும் வேலையையும் நிறுத்தக்கூடாது. எண்ணைக் காப்பாற்றியதால் கிடைத்த அவகாசத்தில், ஒவ்வொரு எண்ணையும் யார் அழைக்கிறார்கள் என்று ஃபயர்வால் பதிவுகளிலும் கிளவுடின் ஃப்ளோ லாகுகளிலும் பார்த்து, அழைப்பவரை ஒவ்வொருவராகப் பெயருக்கு மாற்றிக்கொண்டு வரவேண்டும். சில வாரங்கள் பார்த்தால் போதும் என்று சொல்வார்கள். போதாது. தினமும் பேசுபவை முதல் நாளே தெரிந்துவிடும். மாதக் கடைசியில் சம்பளக் கணக்குக்காக ஒரு தடவை பேசுபவை உண்டு. மார்ச் 31-இல் வருஷக் கணக்கை முடிக்கும்போது மட்டும் வாய் திறப்பவையும் உண்டு. ஆகவே கணக்குப் பிரிவின் சப்நெட்டானால், மார்ச் முடிந்து ஏப்ரலில் கணக்கர் கையெழுத்துப் போடும் வரைக்கும் சுரங்கத்தை மூட நான் சம்மதிப்பதில்லை. அதற்குப் பிறகு ஓர் இரவில் கேட்வேயை மும்பைக்கு மாற்றி, பழைய ஸ்விட்சுகளில் அந்தச் சப்நெட்டுக்குரிய வி.லானை அணைத்து மட்டும் வைத்து, அடுத்த மாதச் சம்பளம் போன பிறகே அதை அடியோடு நீக்கச் சொல்வேன்.